துள்ளம் தந்த தொழிலாளர் தொண்டர்

மணிமங்கலம் என்றவுடன் பள்ளிப் பிள்ளையும் ஒரு செய்தி சொல்லும். ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியின் படையைப் பல்லவன் நரசிம்மவர்மன் முறியடித்த களங்களுள் இவ்வூரும் ஒன்று. கூரம் செப்பேடு அதைக் கூறுகிறது. ஊரிலுள்ள இராசகோபாலப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்தால் சோழ மன்னர்கள் எங்கெங்கே போர் செய்தார்கள், யார் யாரை ஓட்டினார்கள் என்ற மெய்க்கீர்த்திகள் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் படியெடுத்துப் பெரிய பெரிய தொகுதிகளாக வெளியிட்டும் இருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இவ்வூர் ஏரிக்கு மண் சுமந்த கூடையைப் பற்றி எந்த மெய்க்கீர்த்தி பேசுகிறது? கோட்டை பிடித்தவனுக்குக் கல்வெட்டு. கரை கட்டியவனுக்கு ஒன்றுமில்லை. வரலாறு எழுதும் வழக்கம் நெடுங்காலம் இப்படித்தான் இருந்து வந்தது.

அந்த வழக்கத்தை நாமும் பின்பற்ற வேண்டுமா? வேண்டாம் என்பதற்காகவே இன்று வேறொருவரைப் பற்றி எழுதுகிறோம். மணிமங்கலம் அடங்கியிருந்த அதே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், துள்ளம் என்ற சிற்றூரில், 1883 ஆகஸ்டு 26 அன்று பிறந்தவர் அவர். தண்டலம் என்று இன்று வழங்குவது அவ்வூர்தான். தந்தையார் விருத்தாசல முதலியார், தாயார் சின்னம்மாள். குடும்பத்தின் பூர்வீகம் திருவாரூர். ஆகவே திருவாரூர் விருத்தாசல முதலியார் மகன் கலியாணசுந்தரன், திரு.வி.க. ஆனார்.

தமிழ்த்தென்றல் என்று அவரைப் பாராட்டுவோர் பலர். பள்ளிப் பாடநூலில் அவருடைய தமிழ் நடைக்கு இடமுண்டு. ஆனால் தென்றலை மட்டும் காட்டிவிட்டு, அவர் கட்டிய சங்கத்தைக் காட்டாமல் விடுவது ஒரு தந்திரம் என்று நாம் சொல்வோம். தமிழை நேசித்த ஒரு புலவர் என்ற அளவில் அவரை நிறுத்திவிட்டால் முதலாளிக்கும் இடைஞ்சல் இல்லை, சர்க்காருக்கும் இடைஞ்சல் இல்லை அல்லவா?

இளமையை விரைவாகச் சொல்லிவிடலாம். சென்னை இராயப்பேட்டையில் வெஸ்லி பள்ளியில் படித்தார். யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளை அவருக்குத் தமிழாசிரியர். அந்த ஆசிரியர் ஒரு வழக்கில் சிக்கியபோது, மாணவர் சாட்சி சொல்லப் போனார். 1904-இல் பரீட்சை போயிற்று. ஆசிரியருக்காகப் பட்டத்தை விட்டவர் பின்னர் ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கெழுதும் குமாஸ்தாவானார். சுதேசிக் காலம் அது. திலகர், விபின சந்திர பாலர் பெயர்கள் ஊரெல்லாம் முழங்கிய நேரம். வெள்ளைக்காரக் கம்பெனியின் பேரேட்டுக்கும் தேசாபிமானத்துக்கும் ஒத்துப்போகவில்லை, வேலை நிலைக்கவில்லை. பிறகு வெஸ்லியன் மிஷன் பள்ளியிலும், வெஸ்லி கல்லூரியிலும் ஆசிரியப் பணி. 1917 டிசம்பரில் தேசபக்தன் நாளிதழ் தொடங்கியபோது அதையும் உதறிவிட்டு ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தார்.

இங்கே ஒரு சொல். அக்காலத்து அரசியல் மேடை எப்படி இருந்தது? வக்கீல்கள் கூடுவர், இங்கிலீஷில் பேசுவர், இங்கிலீஷில் தீர்மானம் போடுவர், கைதட்டிக் கலைவர். மூட்டை சுமப்பவனும் நெசவுத் தறியில் நிற்பவனும் அந்தப் பேச்சைக் கேட்டு என்ன அறிவான்? தேசம் தேசம் என்ற அந்தக் கூட்டத்தில் தேசத்து மக்களுக்கு இடமில்லை. திரு.வி.க. தலையங்கத்தைத் தமிழில் எழுதினார், தமிழில் முழங்கினார் என்பதை இலக்கியத் தொண்டாக மட்டும் எண்ணுவது தவறு. அது மக்களாட்சிக்குச் செய்த தொண்டு. வழக்காடும் மொழியும், முறையிடும் மொழியும், தீர்மானம் போடும் மொழியும் தொழிலாளிக்குப் புரியும் மொழியாக ஆனபோதுதான் அவன் கூட்டத்துக்கு வந்தான். வந்தவன் கை தூக்கினான்.

இனிப் பெரம்பூருக்கு வருவோம். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இரண்டிலும் சேர்ந்து ஏறத்தாழ 10,000 பேர் வேலை செய்தார்கள். பொழுது விடியும்போது உள்ளே போனால் பொழுது சாயும்போது வெளியே வரவேண்டும். நடுவில் சோற்றுக்கு அரைமணி. அந்த அரைமணியில் தறியை விட்டுக் கை கழுவி, வரிசையில் நின்று, அவசரமாக விழுங்கி, சங்கு ஊதுமுன் மீண்டும் தறிக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் கூலிப் பிடித்தம். மேஸ்திரியின் வசவு தனி. சில வேளை அடியும் உண்டு.

இவர்கள் குறையைக் கேட்டவர் யார்? கட்சித் தலைவர்களா? இல்லை. செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு என்ற இரண்டு கடைக்காரர்கள். அவர்கள் அப்பகுதியில் ஒரு பக்த சபை நடத்தி வந்தார்கள். பஜனைக்கும் பிரசங்கத்துக்கும் வந்த தொழிலாளர்கள், சுவாமி முடிந்த பின் தங்கள் வயிற்றைப் பற்றிப் பேசினார்கள். கடைக்காரருக்குத் தொழிலாளி நிலை தெரியாமல் இருக்குமா? கூலி குறைந்த வாரத்தில் கடன் பற்று ஏறும். சபைக்குத் திரு.வி.க.வை அழைத்தார்கள், அவர் வந்து பேசினார். அன்னி பெசண்ட் அம்மையாரின் நியூ இந்தியா இதழைச் சேர்ந்த பி.பி. வாடியா என்ற பார்ஸி கனவானையும் போய்ப் பார்த்தார்கள். வாடியா இங்கிலீஷில் பேச, திரு.வி.க. தமிழில் பெயர்த்தார். 1918 ஏப்ரல் 27, சனிக்கிழமை, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. உபதலைவர், அந்த இரண்டு கடைக்காரர்களும் காரியதரிசிகள். இந்திய நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவென்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அச்சங்கத்தின் முதற் கோரிக்கைகளுள் ஒன்று என்ன தெரியுமா? ராஜ்யம் அல்ல, ஆலை அல்ல. சோற்று நேரத்தை அரைமணிக்கு மேல் சற்று நீட்டவேண்டும் என்பது. சிரிப்பவர் சிரிக்கலாம். பத்து நிமிஷத்துக்காக ஒரு சங்கமா என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தைத் தனியொரு தொழிலாளி கேட்டிருந்தால் வாசலுக்கு வெளியே நிற்பான். பதினாயிரம் பேர் சேர்ந்து கேட்டபோது கம்பெனி துரைமார் கடிதத்துக்குப் பதில் எழுத நேர்ந்தது. ஆள்பவனைப் பதில் சொல்லவைப்பதுதானே மக்களாட்சி?

அந்த ஆண்டுகளில் ஓட்டு யாருக்கு இருந்தது என்று பார்த்தால் இதன் அருமை புரியும். 1920-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நடந்த தேர்தலில் நூறு பேருக்கு மூன்று பேர் அளவில்தான் வாக்காளர். நிலவரி கட்டுபவர், வருமானவரி கட்டுபவர், சொத்துள்ளவர் மட்டுமே ஓட்டுச் சாவடிக்குப் போகலாம். பெரம்பூர் நெசவாளிக்குப் பெரும்பாலும் அங்கே வேலையில்லை. ஆனால் அவனுக்குச் சங்கத்தில் கை தூக்கும் உரிமை இருந்தது. சந்தா கட்டினால் ரசீது. கணக்குக் கேட்டால் காட்டவேண்டும். தீர்மானம் போட்டால் பெரும்பான்மைக்குக் கட்டுப்படவேண்டும். பிடிக்காத தலைவரை மாற்றலாம். நாட்டில் வயது வந்தோர் எல்லோருக்கும் ஓட்டு என்ற சட்டம் 1950-இல் வந்தது; முதல் பொதுத்தேர்தல் 1951–52-இல் நடந்தது. அதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே தொழிலாளி ஓட்டுப் போடக் கற்றுவிட்டான். எங்கே கற்றான்? சங்கக் கொட்டகையில் கற்றான்.

நம் மாவட்டத்துக்காரர்கள் இதைக் கேட்டதும் உத்தரமேரூரைக் காட்டுவார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலை போட்டவர்கள் நாம் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு அரிய செல்வம், ஐயமில்லை. ஆனால் அக்கல்வெட்டு, குடத்தில் யார் பெயர் எழுதி இடலாம் என்றும் சொல்கிறதே! கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் ஓதியிருக்க வேண்டும். மணிமங்கலமும் அப்படியொரு சதுர்வேதிமங்கலமாக, சபை கூடிய ஊராக இருந்ததுதான். அந்த வயலில் நாற்று நட்டவள் பெயர் எந்தக் குடத்தில் விழுந்தது? குடவோலையைப் போற்றுவோம். ஆனால் நிலமில்லாதவன் பெயர் முதன்முதல் ஓலையில் ஏறியது பெரம்பூரில் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

சங்கம் பிறந்த 1918-ஆம் ஆண்டே திரு.வி.க.வின் வீட்டில் விளக்கணைந்த ஆண்டு. 1912-இல் அவர் மணந்த கமலாம்பாள் அந்தச் செப்டம்பரில் மறைந்தார். பிறந்த இரு குழந்தைகளும் முன்னரே போய்விட்டன. ஆறே ஆண்டு இல்லறம். மறுமணம் செய்துகொள்ளவில்லை. பின்னாளில், 1927-இல், பெண்ணின் பெருமை என்ற நூலை எழுதியவர் அவர். சிலர் மேடையில் பெண்ணைத் தெய்வம் என்பார்கள், வீட்டில் அடுப்படியை விட்டு நகரவிட மாட்டார்கள். அந்த வகையைச் சேர்ந்தவரல்லர் அவர்.

1920 அக்டோபரில் ஆலையில் ஒரு பதவி உயர்வு பற்றிய சச்சரவு முற்றிக் கதவடைப்பில் முடிந்தது. மாதக்கணக்கில் ஆலை வாசல் திறக்கவில்லை. கருங்காலிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். டிசம்பர் 9 அன்று போலீசார் சுட்டனர்; இருவர் உயிரிழந்தனர். கம்பெனி அதோடு நிற்கவில்லை. ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. தொழிலாளரை வேலை செய்யாதபடி தூண்டி, ஒப்பந்தத்தை மீறச் செய்து, எங்களுக்கு நஷ்டம் உண்டாக்கினார்கள் என்று சங்கத் தலைவர்கள்மீது வழக்கு. கோர்ட்டும் தடையுத்தரவு போட்டது. சட்டப் புத்தகத்தில் தொழிற்சங்கம் என்ற சொல்லே இல்லாத காலம். அதைக் காக்கும் பிரிவு எங்கிருந்து வரும்? வாடியா சங்கத்தை விட்டு விலகவேண்டும் என்ற பேரத்தில் வழக்கு முடிந்தது. பசியாலும் குண்டாலும் உடைக்க முடியாததை முத்திரைக் காகிதத்தால் உடைத்தார்கள்.

ஆனால் அந்த அடிதான் நாடு முழுவதையும் விழிக்கச் செய்தது. 1921-இல் மத்தியச் சட்டசபையில் என்.எம். ஜோஷி, தொழிற்சங்கங்களைக் காக்கச் சட்டம் வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்தாண்டு இழுத்தடிப்புக்குப் பின் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது; 1927-இல் அமலுக்கு வந்தது. பதிவான சங்கத்தின்மீது, தொழில் தகராறை முன்னிட்டு, வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினாய் என்று நஷ்டஈட்டு வழக்குப் போடமுடியாது என்று அதன் 18-ஆம் பிரிவு கூறியது. பெரம்பூரில் கம்பெனி பயன்படுத்திய ஆயுதம் எதுவோ, அதே ஆயுதத்தின் முனையைச் சட்டம் முறித்தது. டில்லியில் கனவான்கள் கூடிக் கருணையால் கொடுத்த சட்டமன்று அது. பெரம்பூரில் சிந்திய இரத்தத்துக்குப் பிந்திக் கிடைத்த ரசீது.

1921-ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லாமல் தாண்டிவிட முடியாது. அவ்வாண்டு ஜூனில் மீண்டும் வேலைநிறுத்தம். இம்முறை தொழிலாளர் இரண்டாகப் பிரிந்தனர். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் வேலைநிறுத்தத்தில் சேரவேண்டாம் என்று அவர்களுக்குக் கூறினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஜாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபுறம், ஆதிதிராவிடர் ஒருபுறம் என்று தொழிலாளி தொழிலாளியை அடித்தான். ஆகஸ்டு இறுதியில் போலீஸ் துப்பாக்கி மறுபடியும் பேசியது, உயிர்கள் போயின. அக்டோபர் அளவில் போராட்டம் தோற்று ஓய்ந்தது. கவர்னர் வில்லிங்டன் பிரபு திரு.வி.க. முதலியோரை நாடுகடத்தப் போவதாக எச்சரித்ததும் அவ்வாண்டில்தான். அவர் அஞ்சவில்லை.

இந்தத் தோல்விக்கு ஆலை முதலாளியின் சூழ்ச்சி காரணம் என்று மட்டும் எழுதிவிட்டால் வாசகத் தோழர்களுக்கு நாம் முழு உண்மையைச் சொன்னவராக மாட்டோம். சூழ்ச்சி இருந்தது, மெய். ஆனால் சேரியில் வாழ்ந்த தொழிலாளி, ஆலைக்குள் தோழன் என்று அழைக்கப்பட்டு, ஆலைக்கு வெளியே தெருவில் நடக்க விடப்படாதவனாக இருந்தான். முந்தைய கதவடைப்பின் பட்டினியை அதிகம் தாங்கியவன் அவன். கையில் சேமிப்பு இல்லாதவன் அவன். அவனுடைய நம்பிக்கையைச் சங்கம் சம்பாதித்திருந்ததா? இல்லை என்பதே நம் கருத்து. ஒன்றுபடு என்று கட்டளையிட்டால் ஒற்றுமை வராது. தாழ்த்தப்பட்டவனின் குறையை முதற்குறையாக எடுத்தால்தான் வரும். திரு.வி.க. ஜாதியை வெறுத்தவர், சன்மார்க்கம், பொதுமை என்று வாழ்நாளெல்லாம் எழுதியவர். தலைவரின் நெஞ்சில் ஜாதி இல்லாதது மட்டும் போதாது என்பதைப் புளியந்தோப்பின் சாம்பல் காட்டியது.

இதே குறையை 1925-இலும் பார்க்கிறோம். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாகாண மாநாடு. தலைமை திரு.வி.க. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைப் பெரியார் கொண்டுவந்தார். தலைவர் அதை அனுமதிக்கவில்லை. பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டின் அரசியல் அன்று திசை திரும்பியது. வைக்கம் வீரர் என்று பெரியாருக்குப் பட்டம் சூட்டி எழுதியது திரு.வி.க.வின் நவசக்திதான் என்பதை நினைத்தால் விந்தையாக இருக்கும். விதியைக் காட்டித் தீர்மானத்தைத் தள்ளியது தவறு என்றே நாம் கருதுகிறோம். எண்ணிக்கையில் பெரும்பான்மையான மக்கள் பங்கு கேட்கும்போது, விவாதத்துக்கே இடமில்லை என்பது மக்களாட்சி ஆகாது. ஆனாலும் இருவர் நட்பும் அறுபடவில்லை. கருத்தால் மோதி மனத்தால் பிரியாத அந்தக் காலத்து நாகரிகத்தை இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் தேடினால் கிடைக்குமா?

தேசபக்தனை விட்டபின் 1920 அக்டோபர் முதல் நவசக்தி அவருடைய ஆயுதம். பின்னாளில் கல்கி என்று புகழ்பெற்ற கிருஷ்ணமூர்த்தி அங்கே அவரிடம் துணையாசிரியராகப் பயின்றவர். பத்திரிகை நடத்திப் பணம் சேர்த்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். திரு.வி.க. அப்படிச் சேர்க்கவில்லை. சொந்த வீடு என்று ஒன்று அவருக்கு இருந்ததில்லை. தொழிலாளரின் சந்தாப் பணத்தில் வாழ்க்கை நடத்தியதாக அவர் எதிரிகளும் சொன்னதில்லை.

1947-க்கு வருவோம். சுதந்திரம் வாசற்படியில் நின்றது. மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை. திரு.வி.க.வோ காங்கிரஸை இந்நாட்டில் தமிழில் பேசவைத்தவர்களுள் ஒருவர். அவ்வாண்டு மார்ச்சில் பின்னி ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஏறத்தாழ நூறு நாள் நடந்தது. அப்போது சங்கத் தலைவராக இருந்த அவருக்கு வயது 63. கண் பார்வை மங்கத் தொடங்கிய முதியவர். அவரை வீட்டுக் காவலில் வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? வெள்ளைக்கார கவர்னர் நாடுகடத்துவேன் என்று மிரட்டியதோடு நிறுத்திக்கொண்டார். நம்மவர் மந்திரிசபை வாசலில் போலீசை நிறுத்தியது! ஆட்சி கைமாறினால் மட்டும் மக்களாட்சி வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் என்ன வேண்டும்?

வளரும் நாடுகள் எல்லாவற்றிலும் இக்கதை உண்டு. பிரேசிலில் இராணுவ ஆட்சி நடந்தபோது 1978 முதல் 1980 வரை சான்பாலோ புறநகர் மோட்டார் ஆலைத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தங்கள் அந்த ஆட்சியின் அடித்தளத்தை அசைத்தன; அவற்றுக்குத் தலைமை தாங்கிய லூலா பின்னர் குடியரசுத் தலைவரானார். தென்னாப்பிரிக்காவில் 1973-இல் டர்பன் தொழிலாளர் தொடங்கிய போராட்டம், 1985-இல் பெரும் சங்கக் கூட்டமைப்பாக வளர்ந்து, நிறவெறி ஆட்சியை வீழ்த்தியதில் பெரும்பங்கு வகித்தது. தென்கொரியாவில் 1987 ஜூனில் மக்கள் தெருவில் இறங்கி நேரடித் தேர்தல் உரிமையைப் பெற்றார்கள். அடுத்த மூன்று மாதம் உல்சான் ஹூண்டாய் ஆலை உட்பட நாடெங்கும் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள். ஓட்டு ஒரு கை, சங்கம் மறு கை என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

கொரியாவைச் சொன்னதும் மணிமங்கலத்துக்குத் திரும்பிவிடலாம். ஏனென்றால் கொரியா இன்று நமக்குப் பக்கத்து ஊராக இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தி தொடங்கியது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஒரகடத்தில் மோட்டார் ஆலைகள், வல்லம் வடகாலில் மேலும் ஆலைகள். நெல் விளைந்த ஊர்களில் வாடகை அறைகள் முளைத்துவிட்டன. தென்மாவட்டத்துப் பிள்ளைகளும், ஒடிசா, பீகார் பிள்ளைகளும் ஷிப்ட் முறையில் பாய் விரிக்கிறார்கள். கம்பெனி பஸ் விடியுமுன் வருகிறது, இருட்டிய பின் இறக்கிவிடுகிறது. பெரம்பூரில் ஆலைச் சங்கு ஊதியது; இங்கே கைப்பேசி அலறுகிறது. வேறுபாடு அவ்வளவுதான் என்று சொன்னால் மிகை. கூலியும் வசதியும் அன்றைக்கு இன்று மேல்தான். ஆனால் நிரந்தரம், ஒப்பந்தம், பயிற்சியாளர், உள்ளூர், வடக்கு என்று தொழிலாளியைப் பகுத்து நிறுத்தும் வித்தையைப் புளியந்தோப்பு அறிந்தவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள்.

2021 டிசம்பரில் என்ன நடந்தது? பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்குச் சங்கம் இல்லை. ஆகவே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது, உலகப் பத்திரிகைகள் எழுதின, விடுதிகளைச் சீர்செய்வதாக ஒப்புக்கொண்டார்கள். சோற்றைப் பற்றித்தான் அங்கும் பேச்சு. 1918-இல் சோறு தின்ன நேரம் கேட்டார்கள். 2021-இல் தின்னத் தகுந்த சோறு கேட்டார்கள். முறையிட ஒரு சங்க அலுவலகம் இருந்திருந்தால் அந்தப் பெண்கள் நெடுஞ்சாலைக்குப் போகவேண்டிய அவசியம் என்ன?

அடுத்தது சாம்சங். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் வேலைநிறுத்தம். முக்கிய கோரிக்கை சங்க அங்கீகாரம். சங்கம் வேண்டாம், தொழிலாளர் குழு ஒன்று இருக்கட்டும் என்று நிர்வாகம் அக்குழுவோடு ஒப்பந்தம் போட்டது. சங்கத்தின் பெயரில் கம்பெனிப் பெயர் வரக்கூடாது என்று ஆட்சேபம் வேறு. பின்னி ஆலை நாளில் இப்படியொரு வாதம் யாருக்கும் தோன்றவில்லை! போராடியவர்களின் பந்தலைப் போலீசார் பிரித்தனர்; பலரைக் கைது செய்தனர். மாநிலத்தை ஆண்ட சர்க்கார் முதலீடு போய்விடுமே என்று கவலைப்பட்டது. கொரியாவிலேயே அக்கம்பெனியின் தலைமை 2020-இல், சங்கமில்லாக் கொள்கையைக் கைவிடுகிறோம் என்று மன்னிப்புக் கேட்டதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தோன்றவில்லை போலும். பதிவு விண்ணப்பம் சுமார் ஏழு மாதம் மேஜையில் கிடந்தது. 1926 சட்டத்தில் பதிவாளர் இத்தனை நாளுக்குள் முடிவு செய்யவேண்டும் என்ற வரம்பு இல்லை. அந்த ஓட்டையில் மாதங்கள் விழுந்தன. வழக்கு ஹைகோர்ட்டுக்கும் போயிற்று. 2025 ஜனவரி 27 அன்று சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் பதிவாயிற்று.

அதே 2025-இல், நவம்பர் 21 அன்று, மத்திய சர்க்கார் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. பெரம்பூர் பெற்றெடுத்த 1926-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குள் கரைந்தது. பொதுப்பயன் சேவைகளுக்கு மட்டும் முன்பு இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு விதி, இப்போது எல்லாத் தொழிலகங்களுக்கும் உரியதாயிற்று. முன்னறிவிப்புக் கொடுத்து, சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால் அது முடியும்வரை வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பேச்சை இழுப்பது எப்படி என்று நிர்வாகங்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

திரு.வி.க. தம் கடைசி ஆண்டுகளில் பார்வையை முற்றும் இழந்தார். அப்போதும் ஓயவில்லை, சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். படுக்கைப் பிதற்றல் என்று தம் நூலுக்குத் தாமே பெயரிட்டுக்கொண்ட அடக்கம் அவருடையது. எல்லோருக்கும் ஓட்டுக் கிடைத்த முதற் பொதுத்தேர்தலைக் கண்டுவிட்டு 1953 செப்டம்பர் 17 அன்று மறைந்தார். கிண்டித் தொழிற்பேட்டைக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பெரம்பூர்ப் பக்கம் ஒரு நகருக்கும் அவர் பெயர். பின்னி ஆலை இன்று இல்லை, புகைபோக்கியும் இல்லை. 1918-இல் பிறந்த சங்கத்தின் பெயர் மட்டும் பெரம்பூரில் இருக்கிறது.

ஒரகடம் சாலையில் எத்தனை ஆலைகளில் இன்னும் சங்கப் பலகை மாட்டப்படவில்லை என்பதை அவ்வழியே போகும் எவரும் எண்ணிப் பார்க்கலாம். பதிவு கேட்டு விண்ணப்பிக்கும் சங்கத்துக்கு 45 நாளுக்குள் பதில் சொல்லவேண்டும் என்று மாநில சர்க்கார் ஒரு விதி செய்யட்டும். அதற்குப் பணம் செலவில்லை, முதலீடும் ஓடிவிடாது. வரும் சட்டசபைக் கூட்டத்தில் நம் உறுப்பினர்கள் இதை எழுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.